இடம் மாறிய இரண்டு லேபிள்கள்

பரிசோதனைக் கூடத்தில் பார்த்து முடித்த கண்ணாடி ஸ்லைடுகளை எண் வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள் டெக்னீஷியன். பதினான்கு வருடமாக மனிதக் குடலையும் இரைப்பையையும் முடியை விட மெல்லியதாகச் சீவிச் சாயம் ஏற்றுகிறவள் அவள். ஒரு ஸ்லைடில் சாயம் வெளிறியதுபோலத் தெரிய, மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள்.

லேபிளில் 'பெருங்குடல்' என்று இருந்தது. ஆனால் கண்ணில் பட்டது குடல் இல்லை. மேலே குழிகள், அடியில் நெருக்கியடித்த சுரப்பிகள், நடுநடுவே பொரித்த முட்டைபோல இளஞ்சிவப்புச் செல்கள். அமிலம் சுரக்கும் செல்கள் அவை. இது இரைப்பை. அதன் ஓரத்தில் புற்றுநோய்.

அதே நாளில் வந்த 'இரைப்பை' ஸ்லைடைத் தேடி எடுத்தாள். அதில் சோதனைக்குழாய்களை வரிசையாக நிறுத்தியதுபோல நேரான சுரப்பிகள், சளி நிறைந்த கோப்பை வடிவச் செல்கள். சந்தேகமே இல்லாத பெருங்குடல். நோயின் சுவடே இல்லை. சீவியது போக மீதித் திசுவைப் பதித்து, எண்ணிட்டு வைத்திருந்த மெழுகுக் கட்டிகளை எடுத்து, அவற்றில் இருந்த திசுவின் வடிவத்தோடு இரண்டையும் ஒப்பிட்டாள். மெழுகுக் கட்டிகளின் எண்கள் சரி. லேபிள்கள்தான் மாறியிருந்தன. லேபிளில் இருந்தது அவளுடைய கையெழுத்து.

பதிவேட்டைப் புரட்டினாள். பெருங்குடலில் புற்று என்று அறிக்கை வாங்கிப்போனவர் ஒரு பஸ் டிரைவர். மறுநாள் காலை அவருக்கு ஆபரேஷன். பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பப்பட்டவள் ஒரு தையல்காரி.

இரண்டு ஸ்லைடுகளோடும் டாக்டர் அறைக்குப் போனாள். அவர் இரண்டையும் மைக்ரோஸ்கோப்பில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்.

"அறிக்கைல கையெழுத்துப் போடும்போது பாத்தீங்கதானே டாக்டர்?"

"புற்று இருக்கா இல்லையான்னுதான் பாத்தேன். எந்த உறுப்புன்னு லேபிளை நம்பிட்டேன். அன்னிக்கு அறுபது ஸ்லைடும்மா..." குரலைத் தாழ்த்தினார். "திசு பத்தலை, திரும்ப எடுத்து அனுப்புங்கன்னு ரெண்டு பேருக்கும் எழுதிடலாம். காரணம் எதுக்கு?"

"டிரைவர் வருவாரு. ஒண்ணுமில்லைன்னு சொல்லி அனுப்பின அம்மா ஏன் டாக்டர் திரும்ப வரப்போறாங்க?"

"லேபிள் ஒட்டினது நீ. வேலை போயிடும், யோசிச்சுக்கோ."

"யோசிச்சுட்டுத்தான் வந்தேன்."

அவர் மேஜைமேல் இருந்த போனையே எடுத்து, டிரைவருக்கு ஆபரேஷன் செய்யவிருந்த அறுவை மருத்துவரை அழைத்தாள். மறுமுனையில் விழுந்த திட்டு அறை முழுக்கக் கேட்டது. அவள் வைக்கவில்லை. "சரிங்க சார், தப்பு என்னுதுதான். ஆபரேஷனை நிறுத்திட்டோம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று மூன்று முறை கேட்டு, அந்த வார்த்தையை வாங்கிய பிறகே வைத்தாள்.

தையல்காரியின் போன் எண் உபயோகத்தில் இல்லை. முகவரியைக் குறித்துக்கொண்டு மதியமே கிளம்பினாள். பள்ளிச் சீருடைக் குவியலுக்கு நடுவே மெஷின் மிதித்துக்கொண்டிருந்தாள் அந்த அம்மா. விஷயத்தைக் கேட்டதும் கால் நின்றது.

"மாத்திரை சாப்பிட்டா சரியாயிடும்னீங்களே! என் வயிறு உங்களுக்கு என்ன விளையாட்டா?"

"திட்டுங்கம்மா, வாங்கிக்கிறேன். ஆனா இப்பவே என்கூட வாங்க. நாளைக்குன்னு தள்ளிப்போட வேண்டாம்."

தையல்காரி அவளை முறைத்தாள். பிறகு விளக்கை அணைத்துக் கடையைப் பூட்டினாள்.

டெக்னீஷியனை ஒரு மாதம் சஸ்பெண்ட் செய்தார்கள். டாக்டர் நினைத்திருந்தால் தப்பித்திருக்கலாம். ஆனால் போனில் அவள் ஏற்றுக்கொண்ட திட்டைப் பக்கத்தில் இருந்து கேட்டவர் அவர்; திருத்திய அறிக்கையில், 'நானும் சரிபார்க்கத் தவறினேன்' என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்திட்டார்.

தையல்காரிக்கு ஆபரேஷன் நடந்தது. அகற்றிய பகுதியை டாக்டரே ஒவ்வோர் அடுக்காகப் பார்த்தார். உட்சவ்வு, அதன் கீழடுக்கு, தசை. நோய் தசையைத் தொட்டிருந்தது, தாண்டவில்லை. இன்னும் சில மாதம் விட்டிருந்தால் கதை வேறு.

டெக்னீஷியன் வேலைக்குத் திரும்பிய அன்று ஊழியர்கள் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார் டாக்டர்.

"இவங்க லேபிளை மாத்தி ஒட்டினாங்க. நான் பாக்காம கையெழுத்துப் போட்டேன். தப்பு யார் கையிலயும் நடக்கும். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. நம்ம மானத்தைக் காப்பாத்த அதை மறைக்கிற ஒவ்வொரு நாளும், நோயாளியோட ஆயுசுல இருந்துதான் கழியுது."