எஸ்தோனியப் பாட்டுக்கு வைத்த பொட்டு

அகில உலகப் பாட்டுப் போட்டியில் ஒரு மார்க்கூட வாங்காமல் தோற்கும் பாட்டை, அதை அனுப்பிய நாட்டுக்கு ஆயுள் ரசிகராகப் பதிந்திருப்பவர் ஒரு வருஷம் தன் வீட்டில் வைத்துத் தேற்றி அனுப்ப வேண்டும். உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே ஒரு கொப்பரைக் களத்தில் மேஸ்திரியாக இருக்கும் துளசிமணியின் வீட்டுக்கு எஸ்தோனியப் பாட்டு வந்து சேர்ந்தது ஆனி மாதம் இரண்டாம் வாரத்தில்.

துளசிமணி ஆயுள் ரசிகர் ஆனது அதற்கு மூன்று வருஷம் முன்னால். ஒரு விடியற்காலை அடுப்பைப் பற்றவைத்துவிட்டு டிவியைப் போட்டவள், போட்டியின் கடைசிக் கட்டத்தைப் பார்த்தாள். பாட்டெல்லாம் முடிந்துவிட்டிருந்தது. முப்பத்தேழு நாடுகளும் வரிசையாக வந்து, முதலில் வணக்கம் சொல்லி, ஏற்பாடெல்லாம் பிரமாதம் என்று உபசாரமாக நாலு வார்த்தை பேசி, அப்புறம்தான் மார்க் போட்டன. கொங்கு நாட்டுக்காரிக்கு இது போதாதா? மார்க் போடுகிறவர்கள் இவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டு அவள் பார்த்ததே இல்லை. எஸ்தோனியாவிலிருந்து பேசிய பெண்ணுக்கு நடுவில் இருமல் வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து வணக்கம் சொன்னாள். துளசிமணி அந்த நாட்டையே எடுத்துக்கொண்டாள். விண்ணப்பத்தில் 'பாதியில் விட்டுவிடும் எண்ணம் உண்டா?' என்றொரு கேள்வி இருந்தது. 'கிடையாது' என்று எழுதி, களத்துப் பெண்கள் இரண்டு பேரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கி அனுப்பினாள். கல்யாணப் பதிவேட்டில்கூட அவள் அவ்வளவு அழுத்திக் கையெழுத்துப் போட்டதில்லை.

பாட்டு கோயமுத்தூர் பஸ்ஸில் வந்து இறங்கியது. நீளம் இரண்டு நிமிஷம் ஐம்பத்தொரு விநாடி. நடுக்கூடத்தைத் தவிர அதை வைக்க வேறு இடமில்லை. அன்றிலிருந்து சமையலறையிலிருந்து வாசலுக்குப் போக இரண்டு நிமிஷம் ஐம்பத்தொரு விநாடி ஆயிற்று. வேகமாக நடந்தாலும் அதே கணக்குத்தான். துளசிமணியின் கணவர் நாச்சிமுத்து கோழித் தீவன லாரி ஓட்டுகிறவர், காத்திருக்கத் தெரியாத மனுஷன். அவர் கொல்லைப்புறமாகச் சுற்றி வாசலுக்கு வரப் பழகிக்கொண்டார். அது ஒன்றரை நிமிஷம்தான். அவசரமில்லாதவர்கள் கூடத்தின் வழியாகவே வந்தார்கள்.

தோற்ற பாட்டு முதலில் எதையும் தொடவில்லை. மூலையில் கிடந்தது. நாலாம் நாள் குக்கர் விசில் அடிக்கவில்லை என்று துளசிமணி கவனித்தாள். ஆவி வந்தது, சத்தம் வரவில்லை. பாட்டு அந்தச் சத்தத்தைத் தின்று பசியாறிவிட்டது என்று அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. பிறகு தினமும் களத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே நாற்பது பெண்கள் தேங்காய் உடைக்கிறார்கள், தீனிக்குப் பஞ்சமில்லை. மத்தியானத்துக்குள் அரிவாள்கள் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருக்கும்.  பெண்கள், தலைவலி இல்லாமல் வீட்டுக்குப் போக முடிந்ததே என்று சந்தோஷம்தான் பட்டார்கள்.

போட்டிச் சங்கத்தின் கோவை அலுவலர் அல்போன்ஸ் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து பாட்டை அளந்துவிட்டுப் போவார். தை மாதம் அளந்தபோது மூன்று நிமிஷம் ஆறு விநாடி காட்டியது. மூன்று நிமிஷத்தைத் தாண்டினால் மேடையில் ஏற்ற மாட்டார்கள். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள் என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. காப்பியைக் குடித்துவிட்டு, சொல்ல வேண்டியதைச் சொன்னார்.

"ரெண்டாவது வாட்டியும் பூஜ்யம் வந்துச்சுன்னா பாட்டே இல்லாமப் போயிடுமுங்கம்மா. பாடுன பொண்ணுக்கே ஞாபகம் இருக்காது. ஒரே ஒரு மார்க் வாங்கிருச்சுன்னா போதும், அவங்க நாட்டுல அதுக்கு இடம் கொடுத்துருவாங்க."

எப்படியும் வைகாசிக்குப் பிறகு அது இந்த வீட்டில் இருக்கப்போவதில்லை. அது துளசிமணிக்குத் தெரியும். எங்கேயாவது கண்காணாத இடத்தில் நன்றாக இருக்கட்டும் என்றால் மனசு ஆறிவிடும். எங்கேயுமே இல்லாமல் போவதைத்தான் அவளால் தாங்க முடியாது என்று தோன்றியது. அன்றிலிருந்து களத்துக்குக் கூட்டிப்போவதை நிறுத்தினாள். காற்றாடி ஓடும் சத்தத்தை மட்டும் மூன்று வேளையும் கொடுத்தாள். சித்திரை வெயிலில் பாட்டு சுருதி தொய்ந்து தரையோடு தரையாகக் கிடந்தபோது, நனைத்த சாக்கைப் போர்த்தி விசிறினாள். வைகாசி பிறந்தபோது இரண்டு நிமிஷம் ஐம்பத்தொன்பது விநாடியில் வந்து நின்றது. நல்ல மினுமினுப்பு.

அந்த மினுமினுப்புதான் வினையாயிற்று. அனுப்புவதற்கு முதல் நாள் அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் பார்க்க வந்தார்கள். கூடத்தில் ஒவ்வொருவராக மூன்று நிமிஷம் நின்று கடந்தார்கள். மூக்கும் முழியுமாக எவ்வளவு லட்சணம் என்று ஒருத்தி சொன்னாள். எதிர்வீட்டு ரத்தினாத்தாள் மூன்று தடவை கடந்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள். ரத்தினாத்தாள் பெருமூச்சு விட்ட முருங்கை அந்த வருஷம் காய்க்காது என்பது தெருவுக்கே தெரிந்த விஷயம்.

 போன வருஷம் பூஜ்யம் வந்ததற்குக் காரணமே இதுதான் என்று துளசிமணிக்கு அப்போது விளங்கிவிட்டது. இத்தனை அழகான பிள்ளையைக் கன்னத்தில் ஒரு பொட்டுக்கூட வைக்காமல் முப்பத்தேழு நாட்டுக் கண்ணில் நிறுத்தியிருக்கிறார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு யார் சொல்லிக்கொடுப்பது? எல்லாரும் போனபின் பாட்டின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாற்பதாவது விநாடியில், கொஞ்சம் இடதுபக்கமாக, தன் சொந்தக் குரலில் ஒரே ஒரு ஸ்வரத்தை அழுத்தி வைத்தாள். பள்ளிக்கூடத்தில் கூட்டுப் பாட்டுக்கு அவளை நிறுத்தினால், வாயை மட்டும் அசை என்று டீச்சர் சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட குரல். ஸ்வரம் கோணலாக, கன்னங்கரேலென்று, ஒரு விநாடி அகலத்துக்கு நன்றாகப் பதிந்தது. மொத்தம் சரியாக மூன்று நிமிஷம். மறுநாள் பாட்டை பஸ் ஏற்றிவிட்டாள்.

போட்டியன்று விடியற்காலை கொப்பரைக் களமே அவள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. எஸ்தோனியப் பெண் நீலப் பாவாடை கட்டிக்கொண்டு வந்து பாடினாள். நாற்பதாவது விநாடியில் பொட்டு கேட்டது. கூட்டம் முகம் சுளித்தது. துளசிமணி நிம்மதியாக மூச்சு விட்டாள், இனி யார் கண்ணும் படாது. பிறகு நாடுகள் வரிசையாக வந்து வணக்கம் சொல்லி, நலம் விசாரித்து, மார்க் போட்டன. முப்பத்தாறு நாடுகள் எஸ்தோனியாவுக்கு ஒன்றும் தரவில்லை. சொந்த நாட்டுக்கு மார்க் போட முடியாது. ஆகவே எஸ்தோனியாவிலிருந்து பேசியவர் வணக்கம் மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொன்னார்.

யார் கண்ணும் படவில்லை. பொட்டு அதன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது.

பத்து மணிக்கு அல்போன்ஸ், சங்கப் பதிவேட்டிலிருந்து பாட்டை அழிக்கும் படிவத்தோடு வந்தார். அதில் எதுவும் மோசமாக எழுதியிருக்கவில்லை. துளசிமணி கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து வாசலுக்கு வந்தாள். கூடத்தைக் கடக்க நாலு எட்டுத்தான் ஆயிற்று. அவ்வளவு சின்னக் கூடம் அது. சாக்கை நனைத்தது, விசிறியது, களத்துக்குக் கூட்டிப்போனது எல்லாம் அவளுக்கு ஞாபகம் இருந்தது. பாட்டு மட்டும் இல்லை. எதற்காக அழுகிறோம் என்று முழுசாகத் தெரியாமல் அன்றைக்குச் சாயங்காலம் வரை அழுதாள். நாச்சிமுத்து அன்றைக்குக் கொல்லைப்புறமாகச் சுற்றியே வந்தார்.

இரண்டு நாள் கழித்துப் போட்டியை மறு ஒளிபரப்பு செய்தார்கள். நீலப் பாவாடைப் பெண் மேடையில் மூன்று நிமிஷம் சத்தமே இல்லாமல் வாயசைத்துக்கொண்டு நின்றாள். நாற்பதாவது விநாடியில் மட்டும் துளசிமணியின் குரல் ஒருமுறை கேட்டது. பொட்டு சங்கத்தின் பதிவேட்டில் ஏறவில்லை, அதனால் அழிக்கவும் இல்லை. களத்தில் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு இதைப் பற்றி யோசித்தார்கள். கடைசியில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருத்தியான மயிலாத்தாள்தான் சொன்னாள்.

"பொட்டு இருக்குதுன்னா, அதை வெச்ச கன்னமும் எங்கியோ இருக்கோணுமில்லீங்க்கா."

துளசிமணிக்கு அது சரியாகப் பட்டது. அன்றைக்கே சங்கத்துக்கு மனு எழுதினாள். தான் வைத்த பொட்டு பத்திரமாக இருப்பதாகவும், ஆயுள் ரசிகர் என்ற முறையில் அதற்குரிய கன்னத்தைத் தன்னிடம் அனுப்பிவைக்கும்படியும் கேட்டுக்கொண்டாள். அல்போன்ஸ் அதில் முத்திரை குத்தி மேலே அனுப்பினார்.

ஆடி கடைசியில் கோயமுத்தூர் பஸ்ஸிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண் இறங்கினாள். மேடையில் நின்றவள்தான், ஆனால் சாதாரணப் பாவாடை. கையில் சங்கத்தின் கடிதம் இருந்தது. மனு ஏற்கப்பட்டது, ஒரு வருஷம் வைத்துப் பார்த்துக்கொள்ளவும் என்று எழுதியிருந்தது. எதையோ தொலைத்துவிட்டு, எதைத் தொலைத்தோம் என்பதும் தெரியாதவர்கள் பார்ப்பதைப் போல அவள் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். இடது கன்னத்தில் மிளகு அளவுக்குக் கன்னங்கரேலென்று ஒரு பொட்டு. எத்தனை சோப்புப் போட்டும் போகவில்லை என்று கைஜாடையாகக் காட்டினாள்.

"உக்காரு கண்ணு, நான் பாக்கறேன்," என்று துளசிமணி முந்தானை நுனியைத் தண்ணீரில் நனைத்து அவள் கன்னத்தைத் தேய்த்தாள். பெண்ணின் வாயிலிருந்து துளசிமணியின் குரலில் அந்த ஒரு ஸ்வரம் வந்தது. மறுபடி தேய்த்தாள். மறுபடி வந்தது, அதே கோணலோடு. பெண் முதன்முறையாகச் சிரித்தாள்.

துளசிமணி முந்தானையைப் பிழிந்து உதறிவிட்டு, அவளுக்கு இலை போட்டாள்.