முறைப்பும் வெல்டிங் கண்ணாடியும்

கோமதிநாயகத்தின் அறைச் சுவரில் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று சங்கரன்கோவில் கோமதியம்மன், இன்னொன்று மிகைல் தால். அம்மன் படம் ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பியது. தால் படம் ஒரகடம் கூட்டுரோடு ஜெராக்ஸ் கடையில் கலரில் எடுத்து லேமினேஷன் போட்டது. ஊதுபத்தி இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்றுதான். ஆனாலும் புகையெல்லாம் வெள்ளைக்காரர் பக்கமே போவதாக, கூடத் தங்கியிருந்த இசக்கிபாண்டிக்கு ஒரு மனக்குறை உண்டு.

"யாருடே இவரு? முழிச்ச முழி மாறாம இருக்காரு. ராத்திரி எந்திரிச்சா பயமா இருக்குல்லா" என்று வந்த புதிதில் கேட்டான். அவ்வளவுதான், பிடித்தது சனி. அதிலிருந்து தால் கதையைக் கேட்காமல் அவனுக்கு ஒருவேளைச் சோறு இறங்கியதில்லை.

கதை இதுதான். செஸ் ஆடும் கம்ப்யூட்டர்கள் தலையெடுப்பதற்கு முன்பு, சோவியத் காலத்தில், ரீகா என்ற ஊரில் பிறந்த மனிதர் தால். மீசை முளைத்த சூட்டோடு உலகச் சாம்பியன் ஆனவர். மற்றவர்கள் ஒரு சிப்பாயைக் கொடுக்கவே வீட்டை எழுதிக் கொடுப்பதுபோல் யோசிப்பார்கள். இவரோ குதிரை, யானை எல்லாவற்றையும் கல்யாண வீட்டுத் தாம்பூலம் மாதிரி எடுத்து நீட்டுவார். நீட்டிவிட்டு எதிராளியின் முகத்தையே முறைத்துப் பார்ப்பார். 'இந்த ஆள் எதையோ பார்த்துவிட்டான்' என்று எதிராளி பலகையை மறுபடி மறுபடி துழாவுவான். கணக்குப் போடுவான், தப்பாகப் போடுவான், தோற்பான். ஒருமுறை பெரிய ஆட்டக்காரர் ஒருவர் அந்த முறைப்புக்காகவே கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். இது நிஜமாகவே நடந்தது.

கோமதிநாயகம் கதையை அந்தக் கறுப்புக் கண்ணாடியோடு நிறுத்திவிடுவான். அதற்குப் பிறகும் கொஞ்சம் உண்டு. அது தன் சாமிக்குக் கொஞ்சம் மரியாதைக் குறைவு என்று அவனுக்கு ஒரு நினைப்பு. அதனால் பக்தியோடு வெட்டிவிட்டிருந்தான்.

தால் மாதிரி ஆட வராது என்பது அவனுக்கே தெரியும். முறைக்கவாவது வருமே என்று கண்ணாடி முன் நின்று பழகினான். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து வரும் ஷேர் ஆட்டோவில் எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் மேல் ஒருநாள் சோதித்துப் பார்த்தான். பெரியவர் பதறிப்போய், "டிரைவர், வண்டிய ஓரங்கட்டு. தம்பிக்கு வாந்தி வருது போலக்கீது" என்று கத்தினார். வேறொருவனாக இருந்தால் அன்றே விட்டிருப்பான்.

அவன் வேலை பார்த்தது பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில். கான்ட்ராக்ட் ஆள். அந்த வருடம் பெர்மனென்ட் லிஸ்ட் வரப்போகிறது என்றும், அதில் அவன் பெயர் இருக்கிறது என்றும் பேச்சு அடிபட்டது. ஊரில் பெண் பார்த்து வைத்திருந்தார்கள். பெண்ணின் அப்பா மாப்பிள்ளையின் ஜாதகத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "பையன் பெர்மனென்டா?" என்று மட்டும் கேட்டார். லிஸ்டில் பெயர் வந்தால் கல்யாணம், வராவிட்டால் ஒரகடத்திலிருந்து மூட்டை கட்ட வேண்டியதுதான். நடுவில் ஒரு புகார் வந்துவிட்டால் லிஸ்டைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

இப்படி நெருப்பை மடியில் கட்டிக்கொண்டிருக்கும்போது மனுஷன் அடக்கமாக இருக்க வேண்டாமா? பாதுகாப்பு வாரம் வந்தது, கேன்டீனில் செஸ் போட்டி வைத்தார்கள், இவன் பைனல் வரைக்கும் போய்விட்டான்.

பைனலில் எதிரே குவாலிட்டி பிரிவு சில்வியா. வாலாஜாபாத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவள். ஃபோனில் செஸ் ஆடியே கற்றுக்கொண்டவள். பிரேக் பாகத்தில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவாள். செஸ்ஸிலும் அதே குணம். எதையும் சும்மா கொடுக்க மாட்டாள், சும்மா கிடைத்தால் விடவும் மாட்டாள்.

ஆட்டம் தொடங்கியதும் கோமதிநாயகம் முறைக்க ஆரம்பித்தான். சாம்பார் வாளியோடு போனவர்கள்கூட நின்று பார்த்தார்கள். சில்வியா இரண்டு தடவை நிமிர்ந்து பார்த்தாள், உதட்டைக் கடித்தாள், "ஒரு நிமிசம்ணா" என்று எழுந்து போனாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் வெல்டிங் செக்‌ஷனில் மாட்டும் கறுப்புக் கண்ணாடி இருந்தது.

கோமதிநாயகத்துக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கறுப்புக் கண்ணாடி! அதே கறுப்புக் கண்ணாடி! கேன்டீன் கூரையைப் பிய்த்துக்கொண்டு தால் இறங்கி வந்து தன் தோளைத் தட்டியதாகவே நினைத்தான். அந்தக் குஷியில் குதிரையைத் தூக்கி ஒரு சிப்பாய்க்குப் பலி கொடுத்தான். ஏன் கொடுத்தான் என்று அவனுக்கும் தெரியாது, அம்மனுக்கும் தெரியாது. சில்வியா வெகுநேரம் தலையைக் குனிந்துகொண்டே இருந்தாள். தோள் லேசாக நடுங்கியது. பிறகு ராஜாவைத் தப்பான பக்கம் ஓட்டி, வசமாக மாட்டிக்கொண்டு தோற்றாள்.

மறுநாளே ஃபோனைக் கொண்டுவந்து நீட்டினாள். "அந்தக் குதிரையைக் குடுத்த பாரு, சுத்த வேஸ்ட்டுண்ணா. ராஜாவ மூலைக்கு நகத்தியிருந்தா நான்தான் ஜெயிச்சிருப்பேன். ஃபோனே சொல்லுது."

"ஃபோன் சொல்லும். ஃபோன மொறைக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு போனான் கோமதிநாயகம். அன்று முழுக்க அவன் கால் தரையில் படவில்லை.

தரையில் இழுத்துப் போட்டவன், அதே லைனில் வேலை பார்த்த இசக்கிபாண்டி. இந்தக் கம்பெனிகளில் 'நியர் மிஸ்' கார்டு என்று ஒன்று உண்டு. நடக்க இருந்து நடக்காமல் போன விபத்தை எழுதிப் பெட்டியில் போட வேண்டும். தரையில் எண்ணெய் சிந்தியிருந்தது, யாரும் வழுக்கி விழவில்லை, அந்த மாதிரி. பாதுகாப்பு வாரத்தில் எந்த லைன் கார்டு குறைவாகப் போடுகிறதோ அதற்குக் காலை மீட்டிங்கில் மண்டகப்படி. விபத்துக்கு எங்கே போவது? ஆளாளுக்குக் கற்பனை வளம் பெருகும். 'கேன்டீன் கூரையில் காக்கா உட்கார்ந்திருக்கிறது, எச்சம் கண்ணில் விழ வாய்ப்பு' என்றுகூட ஒருவன் போட்டிருக்கிறான். கடைசி நாள், லைனுக்குக் கார்டு குறைகிறது. இசக்கிபாண்டி யோசித்தான். நண்பனின் பெருமையை எழுதியது போலவும் ஆச்சு, கார்டும் ஆச்சு என்று இப்படி எழுதிப் போட்டான்: 'செஸ் பைனலில் ஆபரேட்டர் கோமதிநாயகம், பெண் ஊழியர் சில்வியாவைத் தொடர்ந்து முறைத்துப் பார்த்தார். பெண் ஊழியர் கண் பாதுகாப்புக் கண்ணாடி அணிய நேர்ந்தது. காயம் இல்லை.'

நல்ல எண்ணம்தான், சந்தேகமில்லை. கார்டு பாதுகாப்புப் பிரிவிலிருந்து நேராக எச்.ஆர். கனகலட்சுமியின் மேசைக்குப் போனது. அடுத்த நாள், பெண் ஊழியர்களின் புகாரைக் கேட்கும் உள் புகார்க் குழு விசாரணை என்று கோமதிநாயகத்துக்கு அழைப்பு வந்தது.

"நாசமாப் போறவனே, என் சோத்துல மண்ண அள்ளிப் போட்டுட்டியலே!" என்று அறையில் அவன் தலையில் அடித்துக்கொண்டான். கல்யாணம் போச்சு, வேலை போச்சு என்று நிஜமாகவே கண் கலங்கியது.

"நான் என்னத்தலே கண்டேன்? சரி விடு, ஒரு வழி சொல்லுதேன். நைட் ஷிப்ட் முடிச்சு வந்த அசதில கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்கிட்டேன்னு சொல்லு. நம்ம லைன்ல எல்லாவனும் அப்படித்தான நிக்கான்? நம்புவாங்க" என்றான் இசக்கிபாண்டி.

கனகலட்சுமி அதிகம் பேசாதவர். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அவர் பார்க்கும் பார்வையில் மேனேஜர்களே நெளிவார்கள். பக்கத்தில் குழுவின் மற்ற இரண்டு பேர். கோமதிநாயகம் பாடம் ஒப்பிப்பதுபோல் நைட் ஷிப்ட், அசதி, தூக்கம் என்று சொல்லி முடித்தான். கனகலட்சுமி சில்வியாவைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லி, "பயப்படாம சொல்லும்மா. உன்னை முறைச்சாரா? உனக்குச் சங்கடமா இருந்ததா?" என்று கேட்டார்.

"இன்னா மேடம் இது? நான் கம்ப்ளெய்ன்ட்டே குடுக்கலியே" என்றாள் சில்வியா. "எனக்கு அன்னிக்குக் கண்ணு வலி. வெளிச்சம் பட்டா எரியுது. அதான் கண்ணாடி போட்டேன். அண்ணன் எங்க பாத்துகினு இருந்தாருன்னு நான் கவனிக்கவே இல்ல. கண்ணு வலியில தப்பா ஆடித் தோத்துட்டேன், அவ்ளோதான்."

வந்த வினை பனிபோல் விலகியது. கனகலட்சுமி பேனாவை நீட்டினார். "கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்புங்க. லிஸ்ட் வர்ற நேரம், கவனமா இருங்க."

கையெழுத்துப் போட எத்தனை நேரம் ஆகும்? கோமதிநாயகம் பேனாவைப் பிடித்தபடி நின்றான். கண் வலியாம். கவனிக்கவே இல்லையாம். அப்படியென்றால் தன் வாழ்க்கையில் நடந்த ஒரே பெரிய ஆட்டம் கண் வலியால் ஜெயித்ததா? தாலின் பெயரைச் சொல்லிக் கொடுத்த குதிரை, வெறும் தண்டக் குதிரையா? தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அந்தத் தவளைக்காவது மழை பெய்தால்தான் வாய் திறக்கும்.

"மேடம், நான் மொறைச்சேன்" என்றான்.

சில்வியா மேசைக்கடியில் அவன் காலை ஓங்கி மிதித்தாள்.

"தூங்கல மேடம். வேணும்னேதான் மொறைச்சேன். தப்பா இல்ல. ஆட்டத்துக்காக. மிகைல் தால்னு ஒருத்தரு..." என்று தொடங்கி, ரீகாவிலிருந்து கறுப்புக் கண்ணாடி வரை மூச்சு விடாமல் சொல்லி முடித்தான்.

கனகலட்சுமி மூக்குக் கண்ணாடியை முழுக்கக் கழற்றிவிட்டார். "எப்படி முறைச்சீங்க? அதோ, அந்த பீரோவைப் பார்த்து முறைச்சுக் காட்டுங்க."

கோமதிநாயகம் மனதுக்குள் தாலைக் கும்பிட்டுக்கொண்டு பீரோவை முறைத்தான். கழுத்து முன்னால் நீண்டது, கண் பிதுங்கியது, மூக்கு விடைத்தது. குழுவில் ஒருவர் தண்ணீர் டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினார். கனகலட்சுமி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று அக்கறையாகக் கேட்டார்.

அப்போது சில்வியா உடைந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, மேசையில் கவிழ்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"மன்னிச்சிக்கோங்க மேடம். கண்ணு வலி, ஒரு மண்ணும் இல்ல. இந்த மூஞ்சியப் பாத்தா இப்டித்தான் சிரிப்பு வருது. பைனல்ல போயி எதிராளி மூஞ்சியப் பாத்துச் சிரிச்சா மரியாதையா? அதான் கண்ணாடி போட்டேன். உள்ளுக்குள்ளயே சிரிச்சு, கண்ணெல்லாம் தண்ணி, எது ராணி, எது ராஜான்னே தெரில. அதுலதான் தோத்துட்டேன்."

கோமதிநாயகத்துக்கு முகம் சுண்டியது. பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. சில்வியா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"உர்ருன்னு ஆவாதண்ணா. கம்பெனி பூரா நீ சொல்லிகினு திரியிற உன் ஆளப் பத்தி நான் ஃபோன்ல முழுசாப் படிச்சேன். நீ ஏன் பாதியோட நிறுத்திட்ட? மீதியையும் மேடத்துக்குச் சொல்லு."

கோமதிநாயகம் தரையைப் பார்த்தான். பிறகு, வேறு வழியில்லாமல், வெட்டி வைத்திருந்த மீதியைச் சொன்னான். எதிராளி கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்ததும், தால் இன்னொருவரிடம் இரவல் வாங்கி வைத்திருந்த பிரமாண்டமான கறுப்புக் கண்ணாடியை எடுத்துத் தன் மூக்கில் மாட்டிக்கொண்டார். பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள், நடுவர்கள் சிரித்தார்கள், கடைசியில் அந்த எதிராளியே சிரித்துவிட்டார்.

"உலகச் சாம்பியன் ஆன மனுசனே கோமாளி வேசம் கட்டிச் சிரிக்க வச்சிருக்காரு. நீ இன்னாடான்னா சாமி கும்புடுற" என்றாள் சில்வியா.

கனகலட்சுமி மறுபடி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். உதட்டோரம் துடித்ததை மற்ற நாலு பேரும் பார்க்காததுபோல் இருந்தார்கள். புகார் இல்லை என்று எழுதினார். ஆனால் நியர் மிஸ் கார்டு என்றால் சும்மா மூட முடியாது. மறுபடி நடக்காமலிருக்க என்ன செய்தோம் என்று எழுதியே தீர வேண்டும். யோசித்துவிட்டு எழுதினார்: 'இனி செஸ் போட்டிகளில் இரு ஆட்டக்காரர்களும் கண் பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும்.'

லிஸ்ட் வந்தது. பெயர் இருந்தது. பெண்ணின் அப்பா அப்போதுதான் ஜாதகத்தைத் திருப்பிப் பார்த்தார்.

அந்த வாரமே கேன்டீனில் மறு ஆட்டம் நடந்தது. கம்பெனி விதிப்படி இரண்டு பேரும் வெல்டிங் கண்ணாடி மாட்டிக்கொண்டு, இரண்டு குருட்டு ஜோசியர்கள் மாதிரி எதிரெதிரே உட்கார்ந்தார்கள். காய்களே மங்கலாகத்தான் தெரிந்தன. பரிமாறுகிறவர்கள் கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தார்கள். கோமதிநாயகம் அதே இடத்தில் அதே குதிரையைக் கொடுத்தான்.

"ஃபோன் திட்டும்ணா" என்றாள் சில்வியா.

"ஃபோன் சிரிக்குமா?" என்றான் அவன்.

அவள் சிரித்துக்கொண்டே ராஜாவைச் சரியாக மூலைக்கு நகர்த்தினாள். கோமதிநாயகம் சுத்தமாகத் தோற்றான். தோற்றதும் அவனுக்கும் சிரிப்பு வந்தது. இத்தனை வருடம் அந்தப் படத்துக்கு ஊதுபத்தி காட்டியவன், அன்றுதான் அந்த மனிதரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து எழுந்த மாதிரி உணர்ந்தான்.

அறைக்குப் போனதும் முதல் வேலையாக இசக்கிபாண்டியை உட்காரவைத்துக் கதையின் மீதியைச் சொன்னான். இசக்கிபாண்டி சுவரிலிருந்த படத்தை நிமிர்ந்து பார்த்தான்.

"சண்டாளா, இத மொதல்லயே சொல்லியிருந்தா நானும் செஸ்ஸு படிச்சிருப்பேம்லா?" என்றான்.