சாவி பெறப்பட்டது

1

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை நான் யோசித்துப் பிடித்ததல்ல. ஒரு மெக்கானிக் சொன்னது. அவருக்குப் பெயர் இருக்கிறது, ஆனால் எல்லோரும் டீசல் என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவரும் அதற்குத்தான் திரும்பிப் பார்க்கிறார். ராணுவம் கழித்துக்கட்டிய ஒரு பழைய லாரியை அவர் ஓட வைத்துக்கொண்டிருந்தபோது நடந்தது. கேட்ட நாளிலிருந்து எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எழுதினால் தெளியும் என்று உட்கார்ந்தேன். ஆறு வாரமாகிறது. குழப்பம் அப்படியேதான் இருக்கிறது, தாள்தான் தீர்ந்துகொண்டிருக்கிறது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஒன்பது வருடம் வெயிலில் காய்ந்து மழையில் நனைந்து நின்ற அந்த லாரியின் முன்சக்கரத்தில்—"

(அடித்துவிட்டேன். லாரியைப் பற்றி எழுதுவது எனக்குச் சுலபமாக வருகிறது. அதனாலேயே சந்தேகம்.)

பிறகு இப்படி: "அவளுக்கு ஒரே ஒரு அண்ணன்."

இது இருக்கட்டும்.

2

அவளுக்கு ஒரே ஒரு அண்ணன். பேக்கரி வைத்திருக்கிறார். அவள் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். மைத்துனர்கள் இருவரும் ஒரு காலத்தில் நகமும் சதையுமாக இருந்தவர்கள். லாரியின் முதுகில் அடுப்பை ஏற்றி, ஊர் ஊராகப் போய்ச் சுடச்சுட ரொட்டி விற்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவருக்கும் தோன்றியது. கண்ணாடிக்கு இத்துனூண்டு திருகாணி மாட்டுகிறவரும் மாவு பிசைகிறவரும் போய், ஏலத்தில் ஒரு ராணுவ லாரியை எடுத்துவிட்டு வந்தார்கள்.

அது ஓடும் நிலையில் இல்லை. சங்கிலி கட்டி இழுத்து வந்து, தெரிந்தவர் ஒருவரின் மரக்கடைக்குப் பின்னால் நிறுத்தினார்கள். அடுத்த வாரம்தான் அந்தக் கேள்வி வந்தது.

"சாவி உங்ககிட்டதானே குடுத்தாங்க?" என்றார் அண்ணன்.

"என்கிட்ட எங்க? ஆபீசுக்குள்ள போனது நீங்க."

ஒப்படைப்புத் தாளில் இருவர் கையெழுத்தும் இருந்தது. 'சாவி பெறப்பட்டது' என்ற வரிக்கு எதிரே ஒரு டிக் இருந்தது. டாஷ்போர்டில் மூடி போட்ட வட்டத் துளை ஒன்றும் இருந்தது. சாவி போடும் இடம் அதுதான் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். அவர்கள் கடைசியாக ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

[குறிப்பு: பூட்டுக்கடைக்காரரைக் கூப்பிட்டு வேறு சாவி செய்தால் போயிற்று என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. அன்றைக்கு அவளும் அதையேதான் கேட்டாள். இருவரும் அவளை முறைத்தார்கள். பேச்சு அதற்குள் சாவியைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது.]

அண்ணன் வீட்டுக் கூடத்தில், எல்லோர் முன்னாலும், அவள் கணவர் சொன்னார்: "சாவியை ஒளிச்சு வச்சிக்கிட்டு வண்டியை அமுக்கப் பாக்குறீங்க. இதுக்குப் பேரு திருட்டு." அண்ணன் எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். அவ்வளவுதான். ஒன்பது வருடம்.

நடுவில் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் வந்தது. அவள் தூக்கி வளர்த்த பெண். பத்திரிகை தபாலில் வந்தது. "நீ போறதுன்னா போ, நான் தடுக்கலையே" என்றார் கணவர். அந்தக் குரலில் சொன்னால் யாருக்குக் கால் எழும்? எடுத்து வைத்த புடவையை அவள் திரும்ப அலமாரியில் வைத்தாள். வைத்துவிட்டு

(இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. அவள் அழுதாள் என்று எழுதலாம். அழுதாளா என்று எனக்குத் தெரியாது.)

3

மரக்கடைக்காரர் இடத்தை விற்றுவிட்டார். "மாசக் கடைசிக்குள்ள வண்டி தானா ஓடி வெளிய போகணும். இல்லேன்னா வெட்டி அள்ளிட்டுப் போயிடுவாங்க" என்றார். கணவருக்கு ரோஷம் வந்தது. அதை நான் ஓட்டிக் காட்டாமல் விடுவேனா என்று டீசலைக் கூட்டிவந்தார். யாருக்குக் காட்டப்போகிறார் என்று அவளுக்குத் தெரியும். அவளும் அதைத்தான் விரும்பினாள். வண்டி ஓடினால் சேதி பேக்கரிக்குப் போகும், ஏதாவது ஒன்று அசையும் என்று ஒரு நப்பாசை.

டீசல் முதலில் எண்ணெய் டாங்கியைத் திறந்துவிட்டார். திரிந்த மோர் மாதிரி ஏதோ வந்தது. காற்று வடிகட்டிக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. பிரேக் நான்கும் துருவில் இறுகிப் போயிருந்தன. அவற்றைக் கழற்றவே மூன்று நாள். இந்த வண்டிக்கு இருபத்துநாலு வோல்ட் வேண்டும் என்று இரண்டு பேட்டரிகளைச் சேர்த்துக் கட்டினார். ஆறாம் நாள் மத்தியானம் அவள் சாப்பாட்டுக் கேரியரோடு வந்தபோது டீசலும் கணவரும் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார்கள்.

"எல்லாம் சரி, சாவிக்கு என்ன பண்ணப் போறீங்க?" என்று கணவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எந்தச் சாவி?"

"ஸ்டார்ட் பண்ற சாவிங்க. அதை என் மச்சான்தான்…"

"சார், இந்த வண்டிக்கு ஏது சாவி? தலைக்கு மேல குண்டு விழும்போது, சாவி எவன் பாக்கெட்ல இருக்குன்னு தேடிட்டு இருப்பாங்களா? இந்த சுவிட்சைத் திருப்பணும், இந்தப் பட்டனை அமுக்கணும். அவ்வளவுதான்."

"அப்ப இந்த ஓட்டை?"

"அது கைவிளக்கு சொருகுற இடம்."

"தாள்ல டிக் போட்டிருக்கே."

"எல்லா வண்டிக்கும் ஒரே ஃபாரம்தான். கிளார்க்கு மேலேர்ந்து கீழ வரைக்கும் டிக் போட்டுக்கிட்டே போயிருப்பாரு."

அவள் வண்டியின் ஓரமாக நின்றாள். அவளுக்குக் கோபம் வந்தது. (யார்மேல்? முகம் தெரியாத அந்த கிளார்க்மேலா?) அவளுக்குச் சிரிப்பு வந்தது. (வந்திருக்கலாம். ஒரு கணம்.) அவளுக்கு

நல்ல மனிதர் யாராக இருந்தாலும் அடுத்து என்ன சொல்லியிருப்பார்? மச்சானுக்குப் போன் போடு என்றிருப்பார். அவள் கணவர் அந்தத் துளையின் மூடியைத் திறந்து மூடினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"டீசல், இதுல புதுசா ஒரு சாவி சுவிட்ச் மாட்டிட முடியுமா?"

"மாட்டலாம், அரை மணி நேர வேலை. எதுக்கு சார்?"

"சும்மா. பாக்குறவங்களுக்கு…"

அவள் கேரியரை மட்கார்டின்மேல் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

4

டீசல் சொன்ன கதை என்றேன். பொய்யில்லை. சாவி கிடையாது என்று அவர்தான் சொன்னார். ஆனால் சொன்னது என்னிடம். கண்ணாடிக் கடை என்னுடையது. "அவள் கணவர்", "அவள் கணவர்" என்று எழுதும்போது அவர் யாரோ போல எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அந்தச் சாவி சுவிட்சுக்கு அப்புறம் அப்படி எழுதக் கை வரவில்லை.

சுவிட்ச் மாட்ட முடியுமா என்று ஏன் கேட்டேன்? சாவி என்று ஒன்று இருந்திருந்தால் நான் சந்தேகப்பட்டது தப்பு, அவ்வளவுதான். யாருக்கும் வருகிற தப்பு. சாவியே இல்லையென்றால், இல்லாத ஒன்றுக்காக ஒரு மனிதரைத் திருடர் என்று

(முடிக்காமல் விடுகிறேன். முடிவு உங்களுக்கே தெரியும்.)

மூன்றாம் நாள் வீட்டில், துணி மடித்துக்கொண்டே அவள் கேட்டாள்:

"மாட்டியாச்சா?"

"இல்ல."

"ஏன்?"

"தெரியல."

அவள் மடித்த சட்டையை மறுபடி உதறி மடித்தாள். "உங்களுக்கும் அவருக்கும் சாவி போச்சு. எனக்கு என்ன போச்சுன்னு ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?"

இப்போது கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்கவில்லை. ஏன் என்று கேட்டால் அதற்கும் தெரியாது என்பதுதான் பதில்.

5

மாதத்தின் கடைசி நாள். வண்டியை ரோட்டில் விட, பன்னிரண்டு மணிக்குள் வாகன ஆய்வு மைதானத்துக்குப் போய்த் தகுதிச் சான்று வாங்க வேண்டும். தவறினால் நாளைக்கு வெட்டுகிறவர்கள் வந்துவிடுவார்கள். நான் பட்டனை அமுக்கினேன். முனகியது, செருமியது, கரும்புகையைக் கக்கிக்கொண்டு பிடித்துக்கொண்டது. மரக்கடைத் தகரக் கூரையெல்லாம் அதிர்ந்தது.

டீசல் என் காதில் கத்தினார்: "ஆஃப் பண்ணிடாதீங்க சார். செல்ஃப் மோட்டார் கடைசி மூச்சுல இருக்கு. இன்னொரு தடவை எடுக்கும்னு நான் சொல்ல மாட்டேன்."

அப்போதுதான் அவள் வந்தாள். வண்டிக்கு நேர் முன்னால் நின்று போனை எடுத்தாள். எண்ணைத் தேடவில்லை, மனப்பாடமாக அழுத்தினாள். யாரோ எடுத்தார்கள். யாரோ என்ன, அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பேசினாள். வண்டியின் முன்கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எனக்கு உதடு அசைவது மட்டும்தான் தெரிந்தது.

இதற்கு மூன்று முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் சாவி இல்லை என்று சொல்லிவிடுகிறாள். ஒன்றில், என்னைக் காப்பாற்ற, பழைய சாவி எங்கள் பரணில் கிடைத்தது என்று பொய் சொல்கிறாள். மூன்றாவதில் சாவி பேச்சையே எடுக்காமல், கல்யாணமான அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று மட்டும் கேட்கிறாள். மூன்றையும் கிழித்தேன். அவள் என்ன பேசினாள் என்பதை அவள் இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை, நான் இட்டுக்கட்டுவது நியாயமில்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: பேசி முடித்ததும் அவள் சுற்றி வந்து, கதவருகே நின்று, போனை என் பக்கம் நீட்டினாள். நான் எஞ்சினை நிறுத்தினேன். டீசல் தலையில் கைவைத்துக்கொண்டார். திடீரென்று அவ்வளவு அமைதி.

இதற்குமேல் என்னால் எழுத முடியவில்லை. இந்த இருக்கைக்கு நீங்கள் வாருங்கள். போனைக் காதில் வையுங்கள். அவள் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். மறுமுனையில் அவர் தொண்டையைச் செருமுகிறார். ஒன்பது வருடம் கழித்து, "சொல்லுங்க மாப்பிள்ளை" என்கிறார்.

சொல்லுங்கள்.