பதினொரு சைபர்கள்

வலித்தால் வலிக்கிறது என்று சொல்வதற்கு என்ன கேடு? டாக்டரம்மா ஐந்து வாரமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில் அவர் தலைக்காயச் சிகிச்சைத் திட்டம் ஒன்றை நடத்திவந்தார். சிகிச்சைக்கு வந்தவர்கள் பதினொரு பேர். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள், தீயணைப்புக்காரர்கள், ஆம்புலன்ஸ்காரர்கள், ஒரு போலீஸ்காரம்மா. குண்டு வெடித்தோ, கூரை சரிந்தோ, வண்டி கவிழ்ந்தோ மண்டையில் அடி வாங்கியவர்கள். உடம்பு முழுக்கத் தைரியம் இருந்தது. வாயில்தான் உண்மை வரவில்லை.

வாரம் ஒரு படிவம் உண்டு. தலைவலி, தலைச்சுற்றல், மறதி, எரிச்சல், தூக்கமின்மை என்று இருபத்திரண்டு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் சைபரிலிருந்து நான்கு வரை எண் போடவேண்டும். முதல் நாளே பதினொரு பேரும் மேலிருந்து கீழ்வரை சைபராகப் போட்டு நீட்டினார்கள். வெளிச்சத்தில் கண் கூசுகிறதா என்ற கேள்விக்கு, அறைக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த பட்டாளத்தார் அதைக் கழற்றாமலே சைபர் போட்டார். தள்ளாட்டம் உண்டா என்ற கேள்விக்குப் போலீஸ்காரம்மா மேஜையைப் பிடித்துக்கொண்டு சைபர் போட்டார்.

வியாழக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து அதிகாரி வருவதாகக் கடிதம் வந்துவிட்டது. நோயாளிகளிடம் முன்னேற்றம் தெரிந்தால் திட்டம் தொடரும். இல்லாவிட்டால் இழுத்து மூடிவிடுவார்கள். சைபரிலிருந்து எப்படி ஐயா முன்னேறுவது?

டாக்டரம்மா கெஞ்சிப் பார்த்தார். “கொஞ்சமாவது வலிக்குதுன்னு போடுங்களேன். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“எங்க வேலையில வலிக்குதான்னு யாரும் கேட்டதில்ல டாக்டரம்மா. ஆள் நிக்கிறானா, அவ்வளவுதான்” என்றார் பெரியண்ணன். தீயணைப்பு நிலையத்தில் இருபது வருடம் அதிகாரியாக இருந்தவர். எல்லோரும் அவரைப் பெரியண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். சொல்லிவிட்டு கம்பீரமாக வெளியே போனவர், இடது தோளை வாசற்படியில் மடேரென்று இடித்துக்கொண்டார். “கதவை யாரோ கோணலா வச்சிருக்கான்” என்று வேறு சொன்னார்.

அவருக்குப் பின்னாலேயே ஆம்புலன்ஸ் டிரைவர் ஓடினார். படியில் இறங்கும்போது அவர் பெரியண்ணனின் இடது பக்கம் ஒட்டிக்கொண்டே நடப்பதை டாக்டரம்மா கவனித்தார். திரும்பி வந்ததும் பிடித்துக்கொண்டார்.

“அது என்ன, எப்பவும் அந்தப் பக்கமே நடக்குறீங்க?”

“அண்ணனுக்கு அந்தப் பக்கம் சரியாத் தெரியல. பதினெட்டு நாளாப் பாத்துட்டு வர்றேன்.”

“இதை ஏன் என்கிட்ட சொல்லல?”

“நீங்க என்னைப் பத்தித்தானே கேட்டீங்க?”

டாக்டரம்மா தன் தலையில் தானே அடித்துக்கொண்டார். தன் காயத்தைப் பற்றி மூச்சு விடாத இந்த ஜனங்களுக்கு, கூட இருக்கிறவனுக்கு அடிபட்டால் எங்கே, எப்போது, எவ்வளவு என்று உடனே சொல்வதுதானே பிழைப்பு! இது புரிய ஐந்து வாரமா?

வியாழன் காலையில் படிவத்தில் ‘உங்களுக்கு’ என்பதை அடித்துவிட்டு ‘பக்கத்தில் இருப்பவருக்கு’ என்று எழுதிக் கொடுத்தார். அவ்வளவுதான், பேனாக்கள் பறந்தன. ஆம்புலன்ஸ் டிரைவர் கூடுதல் தாள் கேட்டு வாங்கி, ‘9.10 – இடது தோள் கதவில். 9.14 – மீண்டும் அதே கதவு’ என்று விபத்து அறிக்கையே எழுதினார். போலீஸ்காரம்மா, ‘மேற்படி நபர் கறுப்புக் கண்ணாடியின் பின்னால் தூங்குவது போல் பாவனை செய்து தலைவலியை மறைத்து வருகிறார்’ என்று பட்டாளத்தார் மேல் வழக்கே பதிவு செய்துவிட்டார்.

பிற்பகல் வந்த அதிகாரி கூட்டிப் பார்த்தார். “போன வாரம் மொத்தம் சைபர். இந்த வாரம் நானூத்திப் பன்னிரண்டு. என்னம்மா பண்ணீங்க இவங்களை?”

“இப்பத்தான் சார் நோயே தெரிஞ்சிருக்கு. இனிமேதான் வைத்தியம்.”

“அடுத்தவர் சொன்னதை ஏத்துக்க விதியில இடமில்ல. ஒருத்தராவது தன் வாயால சொல்லட்டும், சிகிச்சைக்கு இன்னைக்குத்தான் முதல் நாள்னு எழுதி ஆறு மாசம் நீட்டிக்கறேன்.”

பதினொரு பேரும் தரையைப் பார்த்தார்கள். எரியும் கட்டடத்துக்குள் நுழையச் சொன்னால் முண்டியடித்துக்கொண்டு போகிற கூட்டம், ஒரு வார்த்தை சொல்லப் பயந்து உட்கார்ந்திருந்தது.

பெரியண்ணன் எழுந்தார். கையில் ஆம்புலன்ஸ் டிரைவர் எழுதிய தாள் இருந்தது.

“இவன் எழுதினது தப்பு.”

“அண்ணே...” என்றார் டிரைவர். டாக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

“மக பேரை மறந்துட்டு, பாப்பான்னு கூப்பிட்டுச் சமாளிக்கிறேன்னு எழுதியிருக்கான். ரெண்டு தடவையாம்.” பெரியண்ணன் தாளை மடித்தார். “ரெண்டு இல்ல. தினமும்.”

உள்ளங்கையை விரித்துக் காட்டினார். மையில் எழுதிய பேர் வியர்வையில் பாதி அழிந்திருந்தது.

போலீஸ்காரம்மா பட்டென்று எழுந்தார். “சார், எனக்குத் தலைச்சுத்தல் நாலு. இந்தப் பட்டாளத்தார் ரெண்டுதான் போட்டிருக்கார். அநியாயம்!”

“அப்போ எனக்குத் தலைவலிக்கு அஞ்சு போடுங்க” என்றார் பட்டாளத்தார்.

“நாலுக்கு மேல கிடையாதுங்க” என்றார் அதிகாரி.

“அதெல்லாம் தெரியாது. அஞ்சு.”

ஆளாளுக்குக் கத்தினார்கள். யாருக்கு அதிகம் என்பதில் பெரிய போட்டியே நடந்தது. அதிகாரி கையெழுத்துப் போட இடம் தேடித் தாளைத் திருப்பிக்கொண்டிருந்தார். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எதையும் அடக்க அவர் மெனக்கெடவில்லை.

அந்தச் சந்தடியில் பெரியண்ணன் அவர் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“டாக்டரம்மா, இது சரியாயிடுமா?”

ஐந்து வாரத்தில் அந்த அறையில் ஒருவரும் கேட்காத கேள்வி அது. டாக்டரம்மா ஒரு நாற்காலியை இழுத்து அவரை உட்காரவைத்து, தானும் எதிரில் உட்கார்ந்தார்.

“முழுசா ஆகும்னு பொய் சொல்ல மாட்டேன். நிறைய ஆகும்” என்றார். “இப்ப சொல்லுங்க, எப்பலேர்ந்து?”