மேசைமேல் ஏறிய அக்கா

ஆற்றங்கரை ஊரிலிருந்து வந்த அக்கா, மறுநாள் காலையிலேயே என் சமையலறையைத் தலைகீழாக்கிவிட்டாள். நான் தையல் கடையிலிருந்து சாப்பாட்டுக்கு வருவதற்குள் பாத்திரம், டப்பா, பருப்பு ஜாடி எல்லாம் அலமாரியின் உச்சியில் ஏறியிருந்தன.

"எல்லாத்தையும் கீழயே வெச்சிருக்கியே, தண்ணி வந்தா என்னடி பண்ணுவே?"

இது மூன்றாவது மாடி, தண்ணீர் வரவேண்டுமானால் லிஃப்டில்தான் வரவேண்டும் என்றேன். இங்கே ஆடுவது நிலம், கனமானதை மேலே வைத்தால் மண்டையில்தான் விழும் என்றும் சொன்னேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பேருந்து ஓட்டும் என் கணவர், சாப்பிட்டுவிட்டு இறக்கிக்கொள்ளலாம் என்று கண்ணைக் காட்டினார்.

சாதத்தைப் பிசையும்போது ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது. நானும் அவரும் பழக்க தோஷத்தில் மேசைக்கு அடியில் புகுந்தோம். அக்காவுக்கும் பழக்க தோஷம்தான். நாற்காலியில் ஒரு கால், அடுத்த கால் மேசைமேல்.

தலைக்கு மேலே மேசை ஆடியது, அதன்மேல் அக்கா ஆடினாள். அலமாரி உச்சியிலிருந்து பாத்திரங்கள் ஒவ்வொன்றாகக் குதித்தன. பருப்பு அறையெங்கும் ஓடியது. என் கணவர் கையை நீட்டி அவள் கணுக்காலைப் பிடித்தார்.

"அக்கா, கீழ வாங்க."

"இருங்க தம்பி, தண்ணி எதுவரைக்கும் வந்திருக்குன்னு பாக்கறேன்."

அவள் பார்ப்பதற்குள் ஆட்டம் நின்றுவிட்டது. மொத்தம் இருபது விநாடி இருக்கும்.

படியிறங்கித் தெருவுக்கு வந்தபோது அவள் கை நடுங்கியது, ஆனால் வாய் நடுங்கவில்லை.

"வெள்ளம்னா மூணு நாள் முன்னாடியே சொல்லிடுவாங்க. துணிமணி எடுத்து வெச்சு, ஆற அமரப் பயப்படலாம். இது என்னடி, பயப்படக்கூட நேரம் குடுக்காம?"

வெள்ளம் வடிந்த பிறகு வாரக்கணக்கில் சேறு அள்ளியதை நினைவுபடுத்தினேன். இங்கே துடைப்பத்தை எடுத்தால் ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும் என்றேன். பெரிதாக வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டாள். அவள் கையை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

கீழ்த்தளத்துப் பல் மருத்துவர், சிகிச்சைக்கு வந்தவரைப் பாதியிலேயே எழுப்பி வெளியே கூட்டி வந்திருந்தார். வந்தவருக்குக் கழுத்தில் துண்டு, ஊசி போட்டு மரத்துப்போன வாய். அக்கா அவர் பக்கத்தில் போய் நின்று, தான் பார்த்த அத்தனை வெள்ளத்தையும் வருஷ வாரியாகச் சொல்லத் தொடங்கினாள். அவர் "ம்" கொட்டினார். அரை மணி நேரம் கழித்து மருத்துவர் வந்து அழைத்துப் போகும்வரை கொட்டிக்கொண்டே இருந்தார்.

"நல்ல மனுஷன்டி. எங்க ஊர்ல யாரும் இவ்வளவு பொறுமையா கேக்க மாட்டாங்க" என்றாள் அக்கா. அவள் கைநடுக்கம் நின்றிருந்தது.