வேலுவின் வண்டியும் என் சவுக்காரமும்

பேச்சியம்மாள் என்ற என் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. நேரில் மருத்துவச்சி என்பார்கள், முதுகுக்குப் பின்னால் வெடிவாய் என்பார்கள். இரண்டும் சரிதான். மலாயாவில் சாஆ ஊர்ப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் என் கையில் விழுந்தவை. அந்தப் பிள்ளைகளின் அப்பன்மாரில் என்னிடம் திட்டு வாங்காதவன் ஒருவனும் கிடையாது.

வேலுவும் வாங்கியிருக்கிறான். அவன் மேல் பிரிவில் எஞ்சின்காரன். ரப்பர் சீட் போடுகிற உருளைகளை ஓட்டும் எண்ணெய் எஞ்சினைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. மேல் பிரிவு என்பது நான் குடியிருக்கும் ஆஸ்பத்திரி லயத்து வரிசை வீடுகளிலிருந்து காட்டையும் மேட்டையும் தாண்டி வெகுதூரம். போன வருஷத்துக்கு முந்தின மழைக்காலத்தில் அவன் மனைவி செல்வராணிக்குத் தலைப்பிரசவ வலி கண்டது. என்னைக் கூப்பிட ஓடியே வந்தான். இரண்டு பேரும் சேற்றில் விழுந்து எழுந்து போய்ச் சேர்ந்தபோது குழந்தை இறந்தே பிறந்திருந்தது. கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. விவரம் தெரிந்த ஒரு கை பக்கத்தில் இருந்திருந்தால் விலக்கி விட்டிருக்கலாம். அவன் கேட்டான், நானும் மறைக்காமல் சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் அந்த மோட்டார் சைக்கிள் வந்தது. ரப்பர் விலை அடிமட்டத்துக்குப் போய்த் தோட்டங்கள் ஆட்டங்கண்ட சமயம். சின்னத் துரையைக் கப்பலேற்றிச் சீமைக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் விட்டுப் போன வண்டி ஸ்டோருக்குப் பின்னால் லாலான் புல்லுக்குள் துருப்பிடித்துக் கிடந்தது. அதை எடுத்துக்கொள்ளப் பெரிய துரையிடம் வேலு உத்தரவு வாங்கினான். செல்வராணி மறுபடி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த வாரத்தில் கேட்டான்.

"இந்தத் தடவ நடக்க மாட்டோம் அக்கா. நீங்க வண்டியில வருவீங்க" என்று என்னிடம் வந்து சொன்னான்.

"பைத்தியக்காரா, அந்தச் சனியன்ல ஏறுனா எனக்கே ஒரு மருத்துவச்சி வேணும்" என்றேன்.

அவன் கேட்கவில்லை. வேலை முடிந்ததும் வண்டியின் முன்னால் குந்திவிடுவான். சங்கிலியைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்தான். பிரேக் கம்பிகளை மாற்றினான். டியூபுக்கு ஒட்டுப் போட்டு, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்தான். எஞ்சினுக்கு எண்ணெய் தானாகப் போகாத வண்டி அது. போகிற வழியில் டாங்கிப் பக்கத்துக் கைப்பம்பை அவ்வப்போது அமுக்க வேண்டும், மறந்தால் எஞ்சின் இறுகிவிடும். அதை மறக்காமல் இருக்க ஸ்டோர் பாதையில் ஓட்டி ஓட்டிப் பழகினான். பிறகு பின்னால் ஓர் அரிசி மூட்டையை வைத்துக் கட்டிக்கொண்டு ஓட்டினான். என் பாரத்துக்கு அது போதாது என்று சொன்னேன், இன்னொன்றையும் ஏற்றிக்கொண்டான். "என்னையத் தொடைக்கிறாரோ இல்லையோ, அதத் தொடைச்சுக்கிட்டே இருக்காரு" என்பாள் செல்வராணி. சிரித்துக்கொண்டுதான் சொல்வாள், ஆனால் அந்த வண்டியை அவளும் நம்பினாள்.

நான் கணக்குப் பண்ணியதற்கு முன்னாலேயே வலி வந்துவிட்டது. அன்று மத்தியானம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. என் வாசலில் வண்டி வந்து நின்றது. வேலுவின் முகத்தைப் பார்த்ததும் என் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டேன். கத்தரி, நூல், வெந்நீரில் போட்டெடுத்த துணி, ஒரு கட்டிச் சவுக்காரம், எல்லாம் அதில் எப்போதும் தயாராக இருக்கும்.

"சேலைய இழுத்துச் செருகுங்க அக்கா, சங்கிலியில மாட்டிக்கும்."

"என் சேலைய எனக்குக் கட்டத் தெரியும். நீ ஓட்டு."

"செருகாம ஓட்ட மாட்டேன். காலத் தொங்கப் போடாதீங்க, அந்தக் கட்டையில வைங்க. வளைவுல நான் சாஞ்சா நீங்களும் என்கூடவே சாயணும். எதுத்துச் சாஞ்சா ரெண்டு பேரும் ஓரத்துக் கான் தண்ணியிலதான் கெடப்போம்."

பொண்டாட்டிக்கு வலி கண்டிருக்கும்போது பாடம் எடுக்கிறான் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் செருகினேன். சாக்குப்பை மெத்தையில் உட்கார்ந்து, ஒரு கையால் அவன் இடுப்பு வாரையும் மறு கையால் பெட்டியையும் பிடித்துக்கொண்டேன்.

செம்மண் பாதை நனைந்து சவுக்காரம் போல வழுக்கியது. அவன் வேகம் எடுக்கவே இல்லை. பள்ளத்துத் தண்ணீரைத் தாண்டியதும் பிரேக்கை மெல்ல மெல்ல அழுத்தி உலர்த்தினான். இறக்கத்தில் பின் பிரேக்கை மட்டும்தான் தொட்டான். கான் மேல் போட்டிருந்த பலகைப் பாலத்தில் என்னை இறக்கி நடக்கவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். "மாட்டு வண்டியில வந்திருந்தா இந்நேரம் போயிருப்பேன், வேகமாப் போடா" என்று அவன் காதில் கத்தினேன். "விழுந்தா எப்பவுமே போவ முடியாது அக்கா" என்று சொல்லி எண்ணெய்ப் பம்பை ஒரு தடவை அமுக்கினான்.

பாதி வழி தாண்டி, பால் மரங்களுக்கு நடுவில் ஒரு மேட்டில் ஏறும்போது எஞ்சின் இருமியது. இன்னும் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுவிட்டது. வேலு உதைத்தான், உதைத்தான், காலில் தோல் உரிகிற வரை உதைத்தான். முன்னாலும் பின்னாலும் ஆள் கிடையாது. நடந்தால் பொழுது சாய்ந்துதான் போய்ச் சேர முடியும். அதுவரைக்கும் செல்வராணி தாங்குவாளா என்று என்னால் சொல்ல முடியவில்லை. எனக்குப் பயம் வந்தால் அது வாய் வழியாகத்தான் வெளியே வரும்.

"மாசக்கணக்கா தொடைச்சியே, இதுக்கா தொடைச்ச?" என்றேன்.

அவன் எஞ்சினுக்குப் பொறி கொடுக்கிற பிளக்கைக் கழற்றிப் பார்த்தான். அது சுத்தமாக இருந்தது. டாங்கி நிறைய பெட்ரோல் இருந்தது. பெட்ரோல் இறங்கும் சின்னக் குழாயை அடியில் தட்டிப் பார்த்தான். ஒரு சொட்டுகூட வரவில்லை. டாங்கியோடு குழாய் சேருகிற இடத்து மரையைத் திருகிக் கழற்றியதும் அவன் கை நின்றுவிட்டது. துவாரம் இருக்க வேண்டிய இடத்தில் ஊறிய புளி போல ஏதோ பழுப்பாய்ப் பொதபொதவென்று உப்பிக் கிடந்தது. தொட்டால் விரலோடு நூல் நூலாக வந்தது.

"இது என்னடா?"

"ரப்பரு" என்றான். "இந்த மரையில லேசா கசிஞ்சுது அக்கா. வலி கண்ட அன்னைக்கு மருந்துக்குக்கூட கசியக் கூடாதுன்னு, நேத்து ஒரு துண்டு சீட்டச் சுத்தி, மேல பாலத் தடவி இறுக்கி வச்சேன்."

எங்கள் தோட்டத்து ஜனங்களுக்கு அது ரத்தத்தில் ஊறிப்போன வழக்கம். எது ஒழுகினாலும் மரப்பால்தான். வாளி ஒழுகினால் பால், குடை கிழிந்தால் பால், காலில் பித்தவெடிப்பு வந்தால் அதற்கும் பால். தடவிக் காயவைத்தால் தண்ணீர் புகாது. தண்ணீர் புகாததில் பெட்ரோல் மட்டும் எப்படிப் புகும் என்று அவன் நினைத்திருக்கிறான். அவன் இடத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

"டியூப் ஒட்டுறதுக்கு ஒரு பசை வச்சிருப்பியே, பால் டின்னுல. அத எதுல செய்வ?" என்று கேட்டேன். அந்த நாற்றம் எனக்கு அந்தப் பசையை நினைவுபடுத்தியது, அவ்வளவுதான்.

"ரப்பர் துண்ட பெட்ரோல்ல ஊறவச்சு..." என்று தொடங்கியவன் பாதியில் நிறுத்தினான். அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டான். வாராவாரம் அவன் கையாலேயே கரைக்கிற சரக்கு. அதையே எடுத்துப் பெட்ரோல் வருகிற வழியில் வைத்து அடைத்திருக்கிறான்.

"மொதப் புள்ளைக்கு வண்டி இல்லாமப் போச்சு. இதுக்கு வண்டி இருந்தும் நானே கெடுத்துட்டேன் அக்கா" என்றான். அவன் உதடு கோணியது.

"அழுவுறத வீட்டுல போயி அழு. இப்ப எந்திரி" என்று அதட்டினேன்.

எழுந்தான். குச்சியால் பசையைச் சுரண்டி எடுத்தான். குழாயை வாயில் வைத்து ஊதினான். பெட்ரோலைக் கொஞ்சம் திறந்துவிட்டுக் கழுவினான், மறுபடி ஊதினான். முகமெல்லாம் நீலம் பாரித்துக் காறித் துப்பினான். கடைசியில் பெட்ரோல் தெளிவாக இறங்கியது. மரையைப் பூட்டினான். ஆனால் அடைப்பு எதுவும் இல்லாத மரை முன்னைவிட மோசமாக ஒழுகியது. சொட்டு சொட்டாக எஞ்சின் மேலேயே விழுந்தது.

"ஒழுவட்டும் விடு, போவலாம்" என்றேன்.

"முடியாது அக்கா. எஞ்சின் சூடானா பத்திக்கும். உங்கள எரிச்சுப்புட்டு நான் அவள யாருகிட்டக் காட்டுறது?"

குனிந்து நானும் அந்தச் சொட்டைப் பார்த்தேன்.

அவன் என் பெட்டியையே பார்த்தான். "லாரிக்காரங்க ஒழுவுற இடத்துல சவுக்காரத்த வச்சு அடைப்பாங்க. பெட்ரோலு அதக் கரைக்காது. உங்க கட்டியக் குடுங்க அக்கா."

பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டேன். சொன்னால் சிரிப்பார்கள், அந்த நேரம் ஒரு கட்டிச் சவுக்காரத்துக்காக நான் அவனை அடித்திருப்பேன். பிரசவம் பார்க்கும் முன் முழங்கை வரை சவுக்காரம் போட்டுக் கழுவியே ஆகவேண்டும் என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் சட்டம் போட்ட பிறகுதான், பிள்ளை பெற்றவர்கள் காய்ச்சலில் சாவது எங்கள் லயங்களில் குறைந்தது. நான் கண்ணால் பார்த்தது அது. மேல் பிரிவு வீடுகளில் சாம்பல் இருக்கும், சவுக்காரம் இருக்காது. கட்டியை இவனிடம் கொடுத்தால் வெறுங்கையோடு அவளைத் தொட வேண்டும், கொடுக்காவிட்டால் தொடவே முடியாது.

சேலைத் தலைப்பிலிருந்து ஒரு நூலை உருவினேன். கட்டியின் நடுவில் சுற்றி இறுக்கி இழுத்தேன். அது இரண்டாக அறுந்தது. ஒரு பாதியைத் துணியில் சுற்றி உள்ளே வைத்துப் பூட்டினேன், மறு பாதியை அவன் கையில் வைத்தேன். "நூலும் வேணும் அக்கா, மரையில சுத்துறதுக்கு" என்றான். கொடி கட்டுகிற நூலைத் தர முடியாது என்று சொல்லி, தலைப்பிலிருந்தே இன்னும் நாலைந்து இழைகளை உருவிக் கொடுத்தேன். நல்ல சேலை அது. போகட்டும்.

நூலில் சவுக்காரத்தைப் பிசைந்து மரையில் சுற்றி இறுக்கினான். மிச்சத்தை மேலே அப்பினான். கொஞ்ச நேரம் விரலை அடியில் வைத்திருந்து பார்த்தான், ஈரம் படவில்லை. எஞ்சின் மேல் விழுந்திருந்த பெட்ரோலைத் துணியால் துடைத்து, அது உலரும் வரை காத்திருந்தான். அந்தக் காத்திருப்பில்தான் எனக்கு உயிர் போனது. அப்புறம் உதைத்தான். வண்டி பிடித்துக்கொண்டது.

மேல் பிரிவு லயத்து வாசலில் பக்கத்து வீட்டுத் தனலெட்சுமி வெந்நீரோடு நின்றாள். "தலை தெரியுது அக்கா" என்றாள். அந்தப் பாதிச் சவுக்காரத்தால் முழங்கை வரை தேய்த்துக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். தலை வந்ததும் விரலை விட்டுப் பார்த்தேன். கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது, போன தடவையைப் போலவே. விரலை அடியில் கொடுத்து மெல்லத் தூக்கித் தலைக்கு மேலாகக் கழற்றினேன். பிள்ளை நீலமாக வந்தது. முதுகைத் தேய்த்தேன், வாயைத் துடைத்தேன், இன்னும் தேய்த்தேன். அப்புறம் அது அழுதது. பெண் பிள்ளை. நானும் தனலெட்சுமியும் சேர்ந்து அழுதோம்.

எல்லாம் முடிந்து செல்வராணிக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். வேலு கதவோரம் நின்றான். கையெல்லாம் பெட்ரோல், பிள்ளையைத் தொடாதே என்று நான் சொல்லியிருந்தேன். செல்வராணி அவனைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"வண்டி வழியில எங்கயும் நின்னுச்சா அக்கா? நேத்து பூரா அதையே கட்டிக்கிட்டுக் கெடந்தாரு."

வேலு தலையைக் குனிந்துகொண்டான்.

"எங்க நின்னுச்சு? கெளம்புன எடத்துலேருந்து இங்க வந்துதான் நின்னுச்சு. நல்லாத்தான் வச்சிருக்கான் உன் புருஷன்" என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. பிறகு பெட்டிக்குள் இருந்த சவுக்காரத்தைப் பார்த்தாள். "ஏன் அக்கா பாதிதான் இருக்கு?"

"எலி தின்னுடுச்சு. குடி கஞ்சிய."

கதவோரத்தில் வேலு முகத்தைத் தன் தோளில் புதைத்துக்கொண்டு சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கினான். கையைக் கழுவிக்கொண்டு வா என்று மிச்சச் சவுக்காரத்தை அவனிடம் நீட்டினேன். தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து மகளை வாங்கிக்கொண்டான்.

மறுநாள் காலை என்னைத் திரும்பக் கொண்டுபோய் விட வண்டியை வாசலில் நிறுத்தினான். சேலையைச் செருகச் சொல்ல அவன் வாயைத் திறந்தபோது நான் ஏற்கெனவே செருகிக்கொண்டு, காலைக் கட்டையில் வைத்துப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.