கொழுப்போடு போனது

லுசியானேயின் இதயத்தில் ஏற்கெனவே ஓர் உலோக வால்வு இருந்தது. சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சலின் மிச்சம் அது. இப்போது இன்னொரு வால்வும் கெட்டுவிட்டது. ஆண்டுக்கொரு முறை டோங்காவுக்கு வந்துபோகும் வெளிநாட்டு மருத்துவக் குழு, எடையைக் குறைத்து வைத்தால் அடுத்த வரவில் அறுவை செய்வதாகச் சொல்லிப் போனது. அதற்கும் அடுத்த வரவுவரை இதயம் தாங்காது என்பதையும் மறைக்கவில்லை.

எங்கே குறைப்பது? ஜனவரி பிறந்ததும் ஜெப வாரம். கணவன் பௌலியாசி சபையின் மூப்பர். காலையும் மாலையும் யாராவது ஒருவர் போடும் பந்தியில் உட்கார வேண்டும். மூப்பர் மனைவியே தட்டைத் தள்ளினால் சமைத்தவள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வாள்?

ஆக்லாந்திலிருந்து தங்கை செய்னி ஒரு பொட்டலம் அனுப்பினாள்.

"நீ பாட்டுக்குச் சாப்பிடுக்கா," என்று போனில் சிரித்தாள். "முதல் வாயோட ஒரு மாத்திரை போட்டுக்கோ. கொழுப்பு உடம்புல ஒட்டாம அப்படியே வெளிய போயிடும். வெள்ளைப் பாவாடை மட்டும் கட்டிடாத!"

"அடி போடி, வெக்கங்கெட்டவளே."

"வைட்டமின் மாத்திரையும் வச்சிருக்கேன். அதையும் போடு."

தனித்தனியாகப் போட்டால் மறந்துவிடும் என்று லுசியானே இரண்டையும் ஒன்றாகவே விழுங்கினாள். சேம்பிலையில் இறைச்சியும் தேங்காய்ப்பாலும் பொதிந்து மண்ணடுப்பில் வெந்த லூவைப் பந்திக்குப் பந்தி சாப்பிட்டாள். எடை இறங்கியது. ஜெப வாரம் போன பிறகும் அவள் நிறுத்தவில்லை. வயிறு எண்ணெயாகக் கழிந்தது. பல் தேய்த்தால் ஈறில் ரத்தம். தொடையில் இடிக்காமலே நீலத் திட்டுகள்.

பழைய வால்வில் ரத்தம் கட்டாதிருக்க அவள் தினமும் ஒரு மாத்திரை சாப்பிட்டுவந்தாள். ஆஸ்பத்திரியில் அவள் ரத்தத்தைச் சோதித்து அந்த மாத்திரையின் அளவைச் சொல்லும் நர்ஸ் கெலேபி. சித்தப்பா மகன் என்றாலும் தம்பிதான். அக்கா தம்பிக்கு டோங்கா விதித்த மரியாதைப்படி, விவரம் தெரிந்த நாளிலிருந்து இருவரும் ஒரே அறையில் படுத்ததில்லை. உடம்பைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை.

"ரத்தம் ரொம்ப நீர்த்துப்போச்சுக்கா," என்றான், தரையைப் பார்த்தபடி. "கீரை சாப்பிடுறியா? அதுதான் ரத்தத்தை உறைய வைக்கும்."

"நேரம் தவறாம லூதான்."

"வேற மருந்து ஏதாச்சும்..."

ஆமாம் என்றால் எதற்கு என்பான். பிறகு, அது என்ன செய்கிறது என்பான். கழிவறைச் சங்கதியைத் தம்பியிடம் எந்த வாயால் சொல்வது? பெண் நர்ஸ் யாரையாவது கேட்கலாம். அது அவனை அவமதித்தது போலாகும்.

"ஒண்ணுமில்ல."

அவன் காது சிவந்திருந்தது. மேற்கொண்டு கேட்கவில்லை. ரத்த மாத்திரையின் அளவைக் குறைத்தான். லூவைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளச் சொன்னான். அவள் கூட்டிக்கொண்டாள், மாத்திரையோடு.

மருத்துவக் குழு வந்திறங்கிய வாரம், துணி உலர்த்திக்கொண்டிருந்தவளின் வலது கை சட்டென்று தொங்கியது. தலைக்குள் ரத்தக் கசிவு.

பௌலியாசி கொண்டுவந்த மருந்துப் பையை ஆஸ்பத்திரியின் பெண் டாக்டர் மேசைமேல் கொட்டினாள். செய்னி அனுப்பிய புட்டியைக் கையில் எடுத்தாள்.

"சில வைட்டமின் கொழுப்போட சேர்ந்துதான் உடம்புல ஏறும். இது கொழுப்பை வெளிய தள்ளும்போது அதுவும் கூடவே போயிடும். ரத்தம் உறையறதுக்கு வேண்டிய வைட்டமினும் அதுல ஒண்ணு. கூடவே போட்ட வைட்டமின் மாத்திரையும் சரியா சேந்திருக்காது."

"அவ எல்லாத்தையும் சாப்பிட்டாளே டாக்டர்," என்றான் பௌலியாசி. அதையே மறுபடியும் சொன்னான்.

வெளிநாட்டு மருத்துவர்கள் வந்து பார்த்தார்கள். எடை சரியாக இருந்தது. ஆனால் தலையில் ரத்தம் கசிந்தவளின் நெஞ்சை இப்போது திறக்க முடியாது என்றார்கள். சனிக்கிழமை விமானம் ஏறிவிட்டார்கள்.

திங்களன்று கெலேபி ஊசியோடு வந்தான். புட்டியைப் பற்றி அவனுக்கு எல்லாம் தெரியும். தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். இடது கையை நீட்டினாள். அவன் ரத்தம் எடுத்து, பஞ்சை வைத்து வெகுநேரம் அழுத்திக்கொண்டே நின்றான்.

"சாப்பிட்டியாக்கா?" என்றான், சுவரைப் பார்த்து.

"சாப்பிட்டேன்," என்றாள் அவள் குழறலாக.

பஞ்சு மெல்ல மெல்லச் சிவந்துகொண்டிருந்தது.